புதிதாகத் தெரிவான அரசு மீது வாக்காளர்கள் ஏன் இவ்வளவு கெதியில் நம்பிக்கை இழக்கிறார்கள்?

விரலில் பூசிய மை அழிய முதலே வெறுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நாட்டின் பெயரைச் சொல்லாவிட்டாலும் நீங்கள் இலங்கைக்காரர் என்று எடுத்துக்கொள்கிறேன். 2024இல் முதல் தடவை புள்ளடி போட்டவராகவும் இருக்கலாம். அந்த நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் 61 வீதம் எடுத்த தேசிய மக்கள் சக்தி அடுத்த மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் 43 வீதத்துக்கு இறங்கியது, அதைப் பார்த்துக் கேட்கிறீர்கள் போல. இந்த அரசைப் பற்றி நான் இப்போது தீர்ப்புச் சொல்லவில்லை. எனக்குப் பட்டுத் தெரிந்தது 2015இல் மைத்திரிபால சிறிசேனவும் ரணில் விக்கிரமசிங்கவும் அமைத்த நல்லாட்சி அரசுதான்.

என் அனுபவத்தில், ஒரு அரசு எங்களுடைய எதிர்பார்ப்பில் தோற்பதைவிட, தானே வைத்த தவணையில் தோற்கும்போதுதான் நம்பிக்கை விட்டுப்போகிறது. தவணை தவறினால்கூடச் சனம் பொறுக்கும். தவறிவிட்டது என்று ஒருவரும் வந்து சொல்லாததைத்தான் பொறுக்காது.

நாங்கள் யாழ்ப்பாணத்து வடகரையில் உள்ள மயிலிட்டி ஆட்கள். 1990 யூனில் இடம்பெயர்ந்தபோது எனக்கு இரண்டு வயது. அதன் பிறகு சுன்னாகத்துப் பக்கம் ஒரு நலன்புரி முகாம். ஐந்து கட்டைத் தூரத்தில் சொந்தக் காணி, அது இராணுவம் பிடித்து வைத்திருந்த உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். அப்பா கடல் தொழில் செய்தவர், பிறகு கூலி வேலை. காணி உறுதியை ஒரு சொப்பிங் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் சுற்றி, தலைமாட்டில் வைத்திருந்தார்.

2015 தை 8ஆம் தேதி, ஜனாதிபதித் தேர்தலன்று, காலை ஏழு மணிக்கு வாக்குச்சாவடி திறக்க முதலே வரிசையில் நின்றார். மைத்திரியின் அன்னம் சின்னத்துக்குப் போட்டார். யாழ்ப்பாண மாவட்டத்தில் மைத்திரிபால சிறிசேனவுக்கு 74 வீதம் விழுந்தது. அந்த வருடம் நத்தார் விழாவுக்கு யாழ்ப்பாணம் வந்த ஜனாதிபதி ஒரு நலன்புரி முகாமுக்கும் போய், ஆறு மாதத்துக்குள் எல்லாரையும் சொந்த இடத்தில் குடியேற்றுவதாகச் சொன்னார். ஒரு ஜனாதிபதி வந்து, எங்களைப் போன்ற ஆட்களின் கொட்டிலுக்குள் நின்று சொன்ன வார்த்தை அது.

அப்பா அடுத்த மாதமே கூரைக்கு மரம் வாங்கினார். பதினெட்டுப் பனங் கைமரம். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த காசு. "மீள்குடியேற்றம் தொடங்கினால் மரம் யானை விலைக்குப் போகும், இப்பவே எடுத்துப் போடவேணும்" என்றார். கொட்டிலுக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கி, அதன் மேல் மரத்தைப் போட்டு, தறப்பாளால் மூடினார். ஆறு மாதம் முடிந்தது. 2016 மாரியும் வந்து போனது. தறப்பாள் கிழிந்து, வைரம் இல்லாத மரங்களில் கறையான் ஏறியது. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகத்தை 27 வருடத்துக்குப் பிறகு விட்டார்கள். அப்பாவோடு நானும் போனேன். எங்கள் காணி கம்பி வேலிக்கு அந்தப் பக்கம். "கிணத்தடி வேம்பு தெரியுது பார்" என்று கையைக் காட்டினார். எனக்கு எது எங்கள் வேம்பு என்று தெரியவில்லை.

"நல்லாட்சி ஒன்றுமே செய்யவில்லையா?" என்று யாராவது கேட்க முதல் நானே சொல்லிவிடுகிறேன். செய்தது. திருகோணமலைச் சம்பூரில் காணி விட்டது. ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்த 19ஆவது திருத்தம் கொண்டுவந்தது. இரவில் வாகனச் சத்தம் கேட்டால் வரும் பயம் குறைந்தது. 2016இல் தகவல் அறியும் சட்டம் வந்தது. இதையெல்லாம் மறைத்து எழுதினால் அது பொய். நான் எந்தக் கட்சிக்கும் ஆள் இல்லை, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பைத் திட்டவும் வரவில்லை.

அந்தச் சட்டத்தின் கீழ் எங்கள் காணி எப்போது விடப்படும் என்று நானே ஒரு அலுவலகத்துக்கு எழுதினேன். தமிழில் எழுதினேன். பதில் சிங்களத்தில் வந்தது. தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழி. கடித உறையில் மூன்று மொழியிலும் முகவரி அச்சடித்திருக்கிறார்கள், உள்ளே இருக்கிற தாள் மட்டும் சிங்களம். அதை வாசிப்பிக்க, சிங்களம் தெரிந்த ஒரு கடைக்காரரிடம் அப்பா கொண்டுபோனார். அவர் வாசித்துவிட்டு, "உங்கட கடிதம் கிடைச்சதாம், வேற இடத்துக்கு அனுப்பியிருக்காம்" என்றார். கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்று நீங்கள் சொல்லலாம். அறுபது வயது தாண்டிய மனிதன் தன் காணியைப் பற்றிய கடிதத்தைத் தானே வாசிக்க முடியாமல் கடை வாசலில் நின்றதை என்னால் விட முடியவில்லை.

தெற்கிலும் இதே கதைதான், விசயம் மட்டும் வேறு. கள்ளரைப் பிடிப்போம் என்று வந்தவர்கள். பதவியேற்று இரண்டு மாதம் ஆக முதல், 2015 பெப்ரவரி 27ஆம் தேதி, மத்திய வங்கி ஒரு பில்லியன் ரூபாவுக்குப் பிணைமுறி (அரசு கடன் வாங்க விற்கும் பத்திரம்) ஏலம் அறிவித்துவிட்டுப் பத்து பில்லியனுக்கு மேல் எடுத்தது. வாங்கியவர்களில் ஆளுநரின் மருமகனோடு தொடர்புபட்ட நிறுவனமும் இருந்தது. வேறு அரசு என்றால் சனம் வழக்கமான ஊழல் என்று கடந்திருக்கும். நேர்மையைச் சொல்லி வாக்குக் கேட்டவர்களை அதே நேர்மையால்தான் அளந்தார்கள். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் மகிந்தவின் புதிய கட்சி பெரும்பாலான சபைகளை அள்ளியது. அப்புறம் அந்த ஒக்டோபரில் ஜனாதிபதியே பிரதமரை நீக்கியதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

2019 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணம் நல்லாட்சி அமைச்சராக இருந்த சஜித்துக்குப் போட்டதைக் காட்டி, நம்பிக்கை போகவில்லை என்று வாதாடுவார்கள். அது அவரை எதிர்த்து நின்ற, போர்க்காலப் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய மேல் இருந்த பயம்.

அந்த உள்ளூராட்சித் தேர்தல் நாளான 2018 மாசி 10ஆம் தேதி காலை அப்பாவை வாக்குப் போடக் கூப்பிட்டேன். வரவில்லை. கோபமாகவும் இருக்கவில்லை. "ஏலாதெண்டால் ஏலாதெண்டு ஒருத்தன் வந்து சொல்லியிருக்கலாம். நான் மரத்தை அப்பவே வித்திருப்பன்" என்றார். வாக்களிப்பு நாலு மணிக்கு முடிந்தது. நான் திரும்பி வரும்போது அவர் தறப்பாளை விலக்கி, கைமரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, விற்கக்கூடியதை ஒரு பக்கமும் விறகுக்கு உரியதை மறுபக்கமும் போட்டுக்கொண்டிருந்தார்.