சுரை, பீர்க்கு, புடலை: வாங்குனவங்க கேள்விகள்

கேள்வி: ஆச்சி, சந்தையில வாங்குன சுரைக்காய் கசக்குது. 40 ரூபா போட்டது. புளி தூக்கலா விட்டு சமைச்சிரலாமா? (கண்டனூர்)

பதில்: கூடாது, குப்பையில போடுங்க. அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின்னு ஒரு விஷம், வேகவச்சாலும் போகாது, கசப்புச் சுரைக்காயை ஜூஸாக் குடிச்சு உயிரே போயிருக்கு. நறுக்குனதும் ஒரு துணுக்கை நாக்குல வச்சுப் பாத்துட்டு அப்புறம் அடுப்பைப் பத்த வைங்க.

கேள்வி: பீர்க்கங்காய் மலிவாக் குடுத்தாங்கன்னு ரெண்டு கிலோ அள்ளிட்டேன். பூராம் நார். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேங்கிறார். (புதுவயல்)

பதில்: அவர் எதுக்கு எடுக்கணும்? கையில எடுத்து ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பிஞ்சா இருந்தா தோல்ல துவையலாவது அரைச்சிருக்கலாம், கொடியிலயே இன்னும் முத்தியிருந்தா முதுகு தேய்க்கவாவது ஆகியிருக்கும், நீங்க வாங்குனது ரெண்டுக்கும் இல்ல.

கேள்வி: ஆன்லைன்ல நீளப் புடலை விதை, பத்து விதை 149 ரூபா. ஊறப்போட்டு ஊனியும் ரெண்டுதான் முளைச்சுது. போன் பண்ணா எடுக்கல. (காரைக்குடி)

பதில்: பாவம், உங்க மேல தப்பே இல்ல. இந்தப் பாக்கெட்டுக்காரங்களக் கண்டாலே எனக்கு ஆகாது. முன்பக்கம் ஆள் உசரத்துக்குக் காய் படம், பின்பக்கம் வெறும் வெள்ளை! 1966 விதைச் சட்டத்துலயே அரசு அறிவிச்ச ரகத்துக்கு லேபிள் கட்டாயம், அதுல ரகம், லாட் நம்பர், முளைப்புத் திறன், சோதிச்ச தேதி, காலாவதி எல்லாம் இருக்கணும், புடலைக்கு முளைப்பு குறைஞ்சது 60 சதவீதம் வேணும், உங்களுக்கு வந்தது 20. நானும் ஒரு திருவிழாக் கடையில 'நீளச் சுரை'ன்னு வாங்கிப் பந்தல் எல்லாம் போட்டு தண்ணி ஊத்துனேன், காய்ச்சது கசக்குற பேய்ச்சுரை, கடை அடுத்த நாளே காலி. உங்களுக்காச்சும் ஆன்லைன் பில் இருக்கு. 2020 மின்வணிக விதிப்படி உங்க புகார் வந்துச்சுன்னு 48 மணி நேரத்துல அவங்க சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். இல்லேன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் அடிங்க. பாக்கெட்டைத் தூக்கிப் போட்றாதீங்க, போட்டோ எடுத்து வைங்க. அடுத்த தடவை குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துல கேட்டுட்டு வாங்குங்க.

கேள்வி: பாகல் கொடியில பூவாப் பூக்குது, பிஞ்சு இல்ல. உரக்கடையில 380 ரூபாய்க்கு டானிக் குடுத்திருக்காங்க. அடிக்கவா? (தேவகோட்டை)

பதில்: மூடியத் திறக்கலேன்னா திருப்பிக் குடுத்துட்டு காசக் கேளுங்க. மொதல்ல வர்றதெல்லாம் ஆண் பூ, அது கொட்டத்தான் செய்யும். பெண் பூவுக்கு அடியில குட்டிப் பாகக்கா தெரியும். மாடியில தேனீ வரலேன்னா காலையில பூ விரிஞ்சதும் ஆண் பூவப் பறிச்சு பெண் பூவுல ஒத்திவிடுங்க. இதே பீர்க்குன்னா சாயங்காலம், அது அப்பத்தான் விரியும்.

கேள்வி: ஹைப்ரிட் சுரைக்காயை முத்த விட்டு விதை எடுக்கலாமா? (பள்ளத்தூர்)

பதில்: முளைக்கும், ஆனா அதே மாதிரி காய்க்காது. ஹைப்ரிட் இல்லாத அர்கா பஹார் மாதிரி ரகம்னா எடுக்கலாம், பக்கத்துல வேற சுரைக்கொடி இல்லாம பாத்துக்குங்க.