டிலேயும் ரிவெர்ப்பும் சேர்ந்தால் ஏன் குழைகிறது?

கேள்வி: எலக்ட்ரிக் கிட்டாரைப் பெரும்பாலும் டிஸ்டார்ஷன் (ஓசையைக் கரகரப்பாக்கும் விளைவு) இல்லாமல் கிளீன் டோனில்தான் வாசிக்கிறேன். டிலே (வாசித்ததை எதிரொலியாகத் திருப்பித் தருவது) மட்டும் போட்டால் நன்றாக இருக்கிறது. ரிவெர்ப் (அரங்கத்தில் வாசிப்பது போன்ற முழக்கத்தைத் தருவது) மட்டும் போட்டாலும் நன்றாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஒன்றோடொன்று குழைந்து, எதை வாசிக்கிறேன் என்றே தெரியவில்லை. ரிவெர்ப் பெடல் (காலால் இயக்கும் ஒலிப் பெட்டி) சாதாரணமானது, விலை கூடியதற்கு மாறுங்கள் என்கிறார் விற்பவர். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். பெடலில் கோளாறு இருந்திருந்தால் தனியாகப் போடும்போதே காட்டிக்கொடுத்திருக்கும். தனித்தனியே நன்றாக இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் இரண்டும் சேரும் விதத்தில் இருக்கிறது. விலை கூடிய ரிவெர்ப்பை வாங்கி இதே அளவுகளில் வைத்தால், விலை கூடிய குழப்பம்தான் கிடைக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 தட்டு என்று வைத்துக்கொள்வோம். 60,000-ஐ 100-ஆல் வகுத்தால் 600. ஆக ஒரு தட்டுக்கு 600 மில்லி விநாடி. பலரும் ஆசைப்படும் 'டாட்டட் எய்ட்த்' டிலே அதில் முக்கால் பங்கு, 450 மில்லி விநாடி. எதிரொலி நான்கு முறை வந்தால் கடைசி எதிரொலி 1.8 விநாடி கழித்து விழுகிறது. அதற்கும் ரிவெர்ப் உண்டு அல்லவா? ரிவெர்ப்பின் நீளம் 3 விநாடி என்றால், நீங்கள் ஒரே ஒரு முறை மீட்டிய கார்ட் 4.8 விநாடி உயிரோடு இருக்கிறது. அதாவது எட்டுத் தட்டு. இரண்டு தட்டுக்கு ஒருமுறை கார்ட் மாற்றுகிறீர்கள் என்றால், எப்போதும் நான்கு கார்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பழையவை மெலிந்துதான் கேட்கும். ஆனால் கேட்கும்.

தனியாக இருந்தபோது எந்த அளவில் வைத்தீர்களோ, சேர்க்கும்போதும் அதே அளவில் விட்டுவிட்டீர்கள். நடந்தது இதுதான்.

எனவே முதலில் இரண்டில் எது காதில் முன்னால் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஒன்று காதில் விழ வேண்டும். மற்றதை அணைக்கும்போதுதான் அது இருந்ததே தெரிய வேண்டும். டிலே முன்னால் என்றால், எதிரொலியை இரண்டுக்குக் குறைத்து, ரிவெர்ப் நீளத்தை 1.2 விநாடிப் பக்கம் கொண்டுவாருங்கள். மேலே போட்ட அதே கணக்கில் 4.8 விநாடி 2.1 ஆகிவிடும். ரிவெர்ப் முன்னால் என்றால் டிலேயை 80 முதல் 120 மில்லி விநாடிக்குள் வைத்து ஒரே ஒரு எதிரொலியோடு நிறுத்துங்கள். ஸ்ட்ரம் செய்பவர்களுக்கு (கம்பிகளை மொத்தமாக வருடி வாசிப்பவர்களுக்கு) இது ஆபத்தில்லாத வழி. தாளத்தோடு மல்லுக்கட்டாது, ஓசைக்குக் கொஞ்சம் கனம் மட்டும் கொடுக்கும்.

வரிசை: கிட்டார், டிலே, ரிவெர்ப், ஆம்ப் (ஒலிபெருக்கி). கம்ப்ரசர் (உரத்த, மெல்லிய ஓசைகளைச் சமன்படுத்துவது) இருந்தால் அது இவற்றுக்கெல்லாம் முன்னால். டிலேக்குப் பின்னால் வைத்தால், தேய்ந்து போக வேண்டிய எதிரொலிகளை அது தூக்கி நிறுத்திவிடும். ரிவெர்ப்பை டிலேக்கு முன் வைத்தால் மூன்று விநாடி முழக்கத்தை மொத்தமாக நான்கு முறை திருப்பிச் சொல்ல வைக்கிறீர்கள். வேண்டுமென்றே அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு அது வேண்டாம்.

அடுத்தது அடித்தொனி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, இதில்தான் பாதிக் குழப்பம் இருக்கிறது. தடித்த கம்பிகளின் ஓசை ரிவெர்ப்பில் சேரச் சேர ஒரு ஹூங்காரம் கட்டிக்கொள்கிறது. பெடலில் 'லோ கட்' இருந்தால் அதை 150 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் வைத்து, அதற்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். கிட்டாரின் நேரடி ஓசையில் அடித்தொனி அப்படியே இருக்கும், முழக்கத்தில் மட்டும்தான் போகும். 'டோன்' என்று ஒரே ஒரு குமிழ்தான் இருந்தால் அது பெரும்பாலும் மேல்தொனியை மட்டுமே குறைக்கும். அப்போது ரிவெர்ப்பின் அளவைத்தான் குறைக்க வேண்டும். 'ப்ரீ டிலே' (முழக்கம் தொடங்குமுன் விடும் சிறு இடைவெளி) இருந்தால் 20 முதல் 40 மில்லி விநாடி வையுங்கள். பிக் கம்பியில் படும் அந்த முதல் 'டக்' முழக்கத்தில் மூழ்காமல் வெளியே நிற்கும். கிளீன் டோனின் தெளிவே அந்த 'டக்'கில்தான்.

நான் 'நீளம்', 'அளவு' என்று எழுதுகிறேன். உங்கள் பெடலில் என்ன பெயர் போட்டிருக்கிறார்களோ! ஒருவர் 'மிக்ஸ்' என்பதை இன்னொருவர் 'பிளெண்ட்' என்பார், மூன்றாமவர் 'லெவல்', நான்காமவர் 'எஃபெக்ட்'. 'ரிப்பீட்ஸ்' என்பதும் 'ஃபீட்பேக்' என்பதும் ஒன்றுதான். பல பெடல்களில் நேரக் குமிழைச் சுற்றி மில்லி விநாடி எண்களைப் போட மாட்டார்கள், சில புள்ளிகள்தான் இருக்கும். இத்தனை ஆண்டுகளாக விற்கிறார்கள், ஒரு எண் அச்சடிக்க முடியவில்லை. 'டாப் டெம்போ' (பாட்டின் வேகத்தைத் தட்டிச் சொல்லும் வசதி) இருந்தால் காலால் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மெட்ரோனோமை ஓடவிட்டு, கம்பியை அமுக்கிப் பிடித்து ஒரு வெற்றுத் தட்டு தட்டுங்கள். எதிரொலி அடுத்த டிக்கோடு சரியாக விழும்வரை குமிழைத் திருப்புங்கள். அது ஒரு தட்டு நீள டிலே. முதலில் அதிலேயே பழகுங்கள், முக்கால் தட்டு அப்புறம்.

இனி ஆம்ப்பிலேயே ரிவெர்ப் இருப்பவர்கள் விஷயம். உங்களுக்கு அது உண்டா என்று எழுதவில்லை, இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள். ஆம்ப்பில் இருப்பது பெரும்பாலும் ஸ்பிரிங் ரிவெர்ப், அதாவது சுருள்கம்பிகளின் அதிர்வால் முழக்கம் உண்டாக்குவது. ஹேமண்ட் ஆர்கன்களில் புழங்கிய இந்த முறையை ஃபெண்டர் நிறுவனம் 1963-இல் வைப்ரோவெர்ப் என்ற ஆம்ப்புக்குள்ளேயே வைத்துவிட்டது. அந்த வழியில் வந்த பழைய பாணி ஆம்ப்புகளில் டிலே பெடலை முன்னால் செருகினாலே போதும். ரிவெர்ப் ஆம்ப்புக்குள் பின்னால் இருப்பதால் வரிசை தானாகச் சரியாகிவிடும். பெடல் ரிவெர்ப்பை அணைத்துவிட வேண்டும், இரண்டு ரிவெர்ப் சேர்ந்தால் முன் சொன்ன கணக்கு இன்னும் மோசமாகும். ஆனால் 'எஃபெக்ட்ஸ் லூப்' (ஆம்ப்பின் முதல் பகுதியான ப்ரீ ஆம்ப்புக்குப் பின்னால் பெடல்களைச் செருகும் இணைப்பு) உள்ள ஆம்ப்பில், யாரோ சொன்னார்கள் என்று டிலேயை லூப்பில் செருகியிருந்தால் கதை வேறு. சில ஆம்ப்புகளில் ரிவெர்ப் லூப்புக்கு முன் இருக்கும், சிலவற்றில் பின். முன் இருந்தால் உங்களை அறியாமலே ரிவெர்ப் டிலேக்குள் போகிறது. சோதிக்க வழி உண்டு: டிலேயை நீண்ட நேரத்தில், ஒரே எதிரொலியோடு வையுங்கள். டிலேயின் அளவை முழுதாக ஏற்றுங்கள். ஆம்ப் ரிவெர்ப்பை நடுத்தரமாக வைத்து, ஒரு சுரத்தை மீட்டி உடனே கையால் அடக்குங்கள். எதிரொலி வருவதற்குள் ஆம்ப் ரிவெர்ப்பைப் பூஜ்யமாக்குங்கள். எதிரொலி முழக்கமே இல்லாமல் விழுந்தால் ரிவெர்ப் பின்னால் இருக்கிறது. முழக்கத்தோடு சேர்ந்து விழுந்தால் முன்னால் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் லூப்பையே மறந்துவிடுங்கள். கிளீன் டோனுக்கு லூப் தேவையே இல்லை. ப்ரீ ஆம்ப்பிலேயே டிஸ்டார்ஷன் வைத்து வாசிக்கிற ஆட்களுக்கு அது உதவும்.

கடைசியாக விற்பவர்களைப் பற்றி. டெமோ வீடியோவில் கேட்கும் ஓசை பெரும்பாலும் ஸ்டீரியோவில் பதிவு செய்து, பின்னால் மெருகேற்றியது. கூட டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, ஒரே ஒருவர் மெதுவாக வாசிக்கிறார். அந்த நிலையில் எந்தப் பெடலும் அழகாகத்தான் இருக்கும். 'பிரீசெட் பேக்' என்று விற்கப்படுபவை இன்னொருவரின் கிட்டாருக்கும் காதுக்கும் வைத்த எண்கள். உங்கள் பாட்டின் வேகம் அதில் எங்கே இருக்கிறது?

இதையெல்லாம்விட மோசமான கண்ணி நாய்ஸ் கேட், அதாவது ஓசை ஓர் அளவுக்குக் கீழே போனால் அடைத்துவிடும் பெடல். டிலேயையும் ரிவெர்ப்பையும் ஒரே அடாப்டரில் கோத்துக் கொடுத்தால், இரண்டும் டிஜிட்டல் பெடல்களாக இருக்கும்போது பின்னணியில் ஒரு கீச்சொலி வரக்கூடும். மருந்து, தனித்தனிக் கிளைகள் உள்ள பவர் சப்ளை. விற்பவர் கொடுப்பது நாய்ஸ் கேட். அதை ரிவெர்ப்புக்குப் பின் மாட்டினால் முழக்கத்தின் வாலை நறுக்கென்று வெட்டும். உடனே, ரிவெர்ப் சரியில்லை, மாற்றுங்கள் என்பார்கள். இந்தச் சுழலுக்குப் பெட்டியில் அடாப்டரே வைக்காமல் விற்கும் நிறுவனங்களும் பொறுப்பு. கேட் வைத்தே ஆக வேண்டுமென்றால் டிலேக்கு முன் வையுங்கள்.

குழுவோடு வாசிக்கும்போது வீட்டில் வைத்த ரிவெர்ப் அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். அரங்கம் தன் பங்குக்கு முழக்கம் சேர்க்கும்.