நடந்து போகும் தூரத்தில் ஒரு தூரி

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். கணவரின் வேலைக்காகக் கோவை சரவணம்பட்டியில் குடியேறி எட்டு மாதம் ஆகிறது. பையனுக்கு ஏழு வயது, பாப்பாவுக்கு மூன்று. அம்மாயி வீட்டுக் களத்தில் நாள் முழுக்க ஓடியவர்கள், இங்கே மூன்றாவது மாடியில் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஞாயிறன்று மாலில் உள்ள விளையாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனால் இருவருக்கும் மணிக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. கோவையில் குழந்தைகள் விளையாட நல்ல இடங்களை எப்படித் தேடுவது?
– ஒரு வாசகி, சரவணம்பட்டி

பதில்: களம் என்ற சொல்லைப் படித்ததும் சற்று நிறுத்திவிட்டுத்தான் உங்கள் கடிதத்தை மேலே படித்தேன். தானியம் காயாத நாள்களில் களம் குழந்தைகளுக்குத்தான். மழை வந்தால் தொட்டிக்கட்டு வீட்டின் ஆசாரம் என்கிற கூடம் இருந்தது. ஆடி நோம்பிக்குப் புளிய மரத்தில் தூரி, அதாவது ஊஞ்சல், கட்டித்தரப் பெரியவர்கள் இருந்தார்கள். வெளியே ஆடவும் உள்ளே ஆடவும் யாரும் இடம் தேடி அலையவில்லை. நகரத்தில் இரண்டையும் நாம் தேடித்தான் ஆக வேண்டும். தேடும்போது பெரும்பாலான பெற்றோர், தொலைவில் உள்ள பெரிய இடத்திலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். நீங்கள் உங்கள் வீட்டு வாசலிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

காரணம் இதுதான். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஐந்து வயதுக்கு மேல் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக ஓடியாட வேண்டும். இது அன்றாடக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் எவ்வளவு சிறப்பாக விளையாடினாலும், மற்ற ஆறு நாள் தேவையை அது ஈடுசெய்யாது. ஆகவே பத்து நிமிடத்தில் நடந்து போய்விடக்கூடிய ஓர் இடம், அது சிறியதாக இருந்தாலும், தூரி ஒன்றும் சறுக்கு ஒன்றும் மட்டுமே கொண்டதாக இருந்தாலும், உங்கள் குழந்தைகளுக்கு முதல் தேவை.

அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மாலை ஐந்து மணிக்குக் குழந்தைகளோடு வீதி வீதியாக நடப்பது. இஸ்திரி வண்டிக்காரரிடமும் பால் ஊற்றுபவரிடமும் "இங்கே ரிசர்வ் சைட் எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். மனைப்பிரிவில் பொதுவுக்கென ஒதுக்கிய இடத்தைக் குறிக்கும் அந்தச் சொல் கோவையில் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டு விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அதாவது ஏறத்தாழ 74 சென்டுக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்தால், சாலை போக எஞ்சிய பரப்பில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்கு ஈடாகப் பணம் செலுத்த வழியுண்டு. அதற்கு மேல் போனால் நிலத்தையே உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரமாக எழுதித்தர வேண்டும். மனைப்பிரிவுகள் வேகமாகப் பெருகிய உங்கள் பகுதியில் இப்படி ஒதுக்கிய இடங்கள் நிச்சயம் இருக்கும். சில பூங்காவாகியிருக்கும், சில முள்செடி மண்டிக் கிடக்கும், சில இடங்களில் மேல்நிலைத் தொட்டியின் அடியில் நான்கு விளையாட்டுக் கருவிகள் மட்டும் நிற்கும். அதுவும் போதும்.

இடம் கிடைத்ததும் அதை உங்கள் கையால் சோதியுங்கள். சென்ற பங்குனியில் எங்கள் வீதிப் பூங்காவில், கவுன் போட்ட ஒரு சிறு பெண் எவர்சில்வர் சறுக்கில் உட்கார்ந்த அடுத்த நொடியே அலறிக்கொண்டு எழுந்ததைப் பார்த்தேன். தொடையின் பின்புறம் சிவந்துவிட்டது. மணி பதினொன்றுதான். அன்றிலிருந்து எந்தச் சறுக்கானாலும் புறங்கையை அதன்மேல் வைத்து ஐந்து வரை எண்ணிப் பார்த்த பிறகே பேத்தியை ஏற விடுகிறேன். மாசி பிறந்ததிலிருந்து வைகாசி முடிய, காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் மட்டும் அழைத்துப் போங்கள்.

அடுத்தது தரை. பூங்காவில் ஏற்படும் காயங்களில் பெரும்பாலானவை விழுவதால் வருபவை. எவ்வளவு உயரத்திலிருந்து, எதன்மேல் விழுகிறார்கள் என்பதுதான் காயத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. கான்கிரீட்டும் இன்டர்லாக் கல்லும் கருவிகளுக்குக் கீழே இருக்கக் கூடாது. கொத்திவிட்ட ஆழமான மணலோ, தடித்த ரப்பர் விரிப்போ வேண்டும். பார்வைக்குப் பச்சென்று இருக்கும் புல்தரை, ஆள் நடந்து இறுகிவிட்டால் விழும் குழந்தையைத் தாங்காது. கருவியைச் சுற்றி ஆறடிக்காவது சுவரோ கம்பமோ இல்லாதிருக்க வேண்டும். தூரி ஆடும் திசையில் இன்னும் கூடுதலான இடம் தேவை.

பாப்பாவுக்காக ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாசத்தில் குழந்தையை மடியில் உட்கார வைத்துப் பெரியவர்கள் சறுக்கி இறங்குவது வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள். குழந்தையின் செருப்பு சறுக்கின் ஓரத்தில் சிக்கினால் கால் அங்கேயே நின்றுவிடும், பெரியவரின் எடையோ கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவது பெரும்பாலும் இப்படித்தான். தனியாகச் சறுக்கும் குழந்தைக்கு, கால் சிக்கினாலும் அதன் எடை குறைவு என்பதால் அந்த ஆபத்து மிகக் குறைவு.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். சத்தி சாலையில் பேருந்து ஏறினால் காந்திபுரத்தில் இறங்கலாம். மத்தியச் சிறைச்சாலையை ஒட்டிய நிலத்தில் 45 ஏக்கரில் அமைத்த செம்மொழிப் பூங்கா 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. நகரின் நடுவில் இவ்வளவு பெரிய பசுமைவெளி கிடைத்திருப்பது நம் குழந்தைகளின் பாக்கியம் என்றே சொல்வேன். நேரு விளையாட்டரங்கத்தை அடுத்த வ.உ.சி. பூங்காவுக்கு நாங்கள் சிறு வயதில் விலங்கு பார்க்கப் போவோம். மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022-இல் அங்கீகாரத்தை ரத்து செய்துவிட்டதால், விலங்குகளைக் காட்டுவதாகச் சொல்லிக் குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். ஓடி விளையாடப் போகலாம். ரேஸ்கோர்ஸைச் சுற்றியுள்ள இரண்டரைக் கிலோமீட்டர் நடைபாதை உங்கள் பையனின் கால்களுக்கு ஏற்றது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் ஆகியவற்றின் கரைகள் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சீரமைக்கப்பட்டு மாலை வேளையில் மிக அழகாக இருக்கின்றன. ஆனால் தண்ணீர் பக்கத்திலேயே இருப்பதால் மூன்று வயதுக் குழந்தையின் கையை ஒரு பெரியவர் விடாமல் பிடித்திருக்க வேண்டும். மருதமலைச் சாலையில் வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில் மர நிழல் தாராளம். வெயில் நாளில் நான் முதலில் சொல்லும் இடம் அதுதான்.

மழையும் கடும் வெயிலும் உள்ள நாள்களுக்குக் கட்டணக் கூடம் மட்டுமே வழி என்று எண்ண வேண்டாம். 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. கொடிசியா வர்த்தக வளாகத்தின் பக்கம் மண்டல அறிவியல் மையம் இருக்கிறது. ஏழு வயதுப் பையன் இரண்டிலும் அரை நாளைக் கழிப்பான். பாப்பாவுக்கு வீட்டுக் கூடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் நொண்டிக் கட்டம் வரைந்து கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாலைகளில் என் பேத்தி அதில்தான் குதித்துக்கொண்டிருக்கிறாள்.

கேள்வி: நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். மகளுக்கு ஐந்து வயது நிறைகிறது. பிறந்தநாளை உள்ளரங்க விளையாட்டுக் கூடம் ஒன்றில் கொண்டாட விரும்புகிறோம். எதையெல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முன்பணம் கட்டும் முன், கூட்டமுள்ள ஒரு ஞாயிறு மாலையில் நீங்கள் இருவரும் குழந்தை இல்லாமல் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். பணியாளர்களின் கண் குழந்தைகள்மீது இருக்கிறதா, கைப்பேசியில் இருக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

முதலில் வெளியேறும் வழிகளை எண்ணுங்கள். 2024 மே மாதம் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டு அரங்கம் தீப்பற்றி, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தகரக் கொட்டகையாக எழுப்பிய அந்த அரங்கத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லை என்பது பின்னர் வெளிவந்தது. நுரைப்பஞ்சும் ரப்பரும் நெகிழியும் நிறைந்த கூடத்தில் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை, துணிக்கிடங்குகளை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வழிகளாவது இருக்க வேண்டும். இரண்டும் பூட்டாமல், முன்னால் பெட்டிகள் அடுக்காமல் இருக்க வேண்டும். தீயணைப்புச் சான்று இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடம் உங்கள் மகளின் பிறந்தநாளுக்கு வேண்டாம்.

துள்ளிக் குதிக்கும் விரிப்பான டிராம்போலின் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது வேண்டாம் என்பது அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. எந்த வயதானாலும் ஒரு தடுப்புக்குள் ஒருவர் மட்டுமே குதிக்க வேண்டும். பெரிய பையன் குதிக்கும் வேகத்தை அந்த விரிப்பு பக்கத்தில் நிற்கும் சிறு குழந்தையின் காலுக்கு அனுப்பிவிடும். காயப்படுபவர் பெரும்பாலும் அந்தச் சிறியவர்தான். பிறந்தநாள் என்று பத்துப் பிள்ளைகளை ஒன்றாக ஏற்றிவிடும் கூடங்கள் இருக்கின்றன, அதை அனுமதிக்காதீர்கள். பந்துக்குழியில் உள்ள பந்துகளை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுகிறார்கள் என்றும் கேளுங்கள்.

இன்னொன்று உங்கள் தொழிலிலேயே உள்ளது. ஏற்றுமதிக்குப் போகும் சிறு குழந்தைகளின் சட்டையில் கழுத்திலும் தலைமூடியிலும் இழுகயிறு வைக்க ஐரோப்பிய வாங்குவோர் சம்மதிப்பதில்லை. அந்தக் கயிறு சறுக்கின் உச்சியில் மாட்டிக்கொண்டு கழுத்தை இறுக்கிய விபத்துகளே அந்த விதிக்குக் காரணம். அதே அக்கறையை நம் வீட்டுக் குழந்தைக்கும் காட்டுங்கள். பட்டுப் பாவாடை, துப்பட்டா, நீண்ட சங்கிலி எல்லாம் கேக் வெட்டும் நேரத்துக்கு மட்டும் இருக்கட்டும். ஆட இறங்கும்போது சாதாரணப் பனியனும் கால்சட்டையும் போதும்.

கேள்வி: எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் கட்டடக் கழிவைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். யாரிடம் சொல்வது?
– ஒரு வாசகர், வடவள்ளி

பதில்: முதலில் ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைப் பத்திரத்தோடு வந்த, அங்கீகாரம் பெற்ற லேஅவுட் வரைபடத்தில் அந்த இடம் பூங்கா என்று குறிக்கப்பட்டிருக்கும். அதன் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்பதை வில்லங்கச் சான்றில் பார்க்கலாம். வரைபடம் இல்லையென்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அதன் பிறகு தனி ஆளாகப் போகாமல், குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரில் வார்டு உறுப்பினரிடமும் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் மனுக் கொடுங்கள். பயன் இல்லையென்றால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகலாம். மனுவோடு இடத்தின் புகைப்படத்தையும், அந்த வீதிகளில் எந்த வயதில் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்ற பட்டியலையும் இணையுங்கள். "பூங்கா வேண்டும்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். "பத்து வயதுக்குட்பட்ட இத்தனை குழந்தைகள் தெருவில், லாரிகளுக்கு நடுவில் விளையாடுகிறார்கள்" என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். இடம் சுத்தமானதும் உடனே நான்கு வேப்பங்கன்றுகளை நடுங்கள். மரம் நிற்கும் இடத்தில் குப்பை கொட்ட யாருக்கும் எளிதில் மனம் வராது.

கேள்வி: எனக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி உண்டு. ஐந்து வயதுப் பேரனைத் தினமும் எங்கள் ஊர் வ.உ.சி. பூங்காவுக்கு அழைத்துப் போகிறேன். அவன் பின்னால் ஓட முடிவதில்லை. இது சரியா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஐயா, தாராளமாக அழைத்துப் போங்கள். நீங்கள் ஓட வேண்டியதில்லை. அவன் ஆடும் கருவியும் வெளி வாயிலும் ஒரே பார்வையில் படும்படியான இருக்கையாகத் தேர்ந்தெடுத்து உட்காருங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவனாக ஏற முடியாத உயரத்தில் நீங்கள் தூக்கி வைக்காதீர்கள். தானாக ஏறத் தெரிந்த குழந்தைக்கு இறங்கவும் பெரும்பாலும் தெரியும். தூக்கி வைத்த குழந்தை மேலே போய்த் திகைத்து நிற்கும், அப்போது நீங்கள் எழுந்து ஓட வேண்டியிருக்கும். பையில் தண்ணீரும் ஒரு துண்டும் இருக்கட்டும். மண்ணில் ஆடிய கையைக் கழுவிவிட்டுப் பொரி வாங்கிக் கொடுங்கள்.