ஸ்பிரிட் காய்ந்த பிறகும் கிருமி சாகுமா?

ஊசி போடுமுன் ஸ்பிரிட் தடவுகிறார்கள். உலர்ந்த பிறகும் அது வேலை செய்யுமா?

செய்யாது. தோலில் ஜில்லென்று உணர்கிறீர்களே, அது ஸ்பிரிட்டில் உள்ள ஆல்கஹால் ஆவியாகிக்கொண்டிருப்பதன் அடையாளம். ஈரம் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். ஆனால் அந்தச் சில நொடிகளில் மற்றக் கிருமிநாசினிகளை எல்லாம் அது முந்திவிடும். ஊசி குத்தி எடுக்க அந்த வேகம் போதும். அதனால்தான் துடைத்த கையோடு குத்தாமல், தானாக உலரவிட வேண்டும். சிலர் அவசரத்தில் வாயால் ஊதுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். சுத்தம் செய்த இடத்தில் வாய்க் கிருமிகளைத் தூவுவதாகிவிடும்.

அப்படியானால் நெடுநேரம் நிற்பது எது?

குளோர்ஹெக்சிடின். அதன் மூலக்கூறு நேர்மின்னூட்டம் கொண்டது. தோலின் மேலடுக்கில் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல வெளிப்படும். குறைந்தது 6 மணி நேரம் நிற்கும். ஒரு நாளுக்கு மேலும் அதன் விளைவு தெரிந்திருக்கிறது. அறுவை சிகிச்சையில் இது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கையுறையே சாட்சி. உள்ளே கை வியர்த்துப் புழுங்கும். கழுவியபோது தப்பிய கிருமிகள் மணிக்கணக்கில் பெருகும். இரத்தக் குழாயில் நாள்கணக்கில் குழாய் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஆகவே 2 சதவீத குளோர்ஹெக்சிடினை 70 சதவீத ஆல்கஹாலில் கலந்து பயன்படுத்துகிறார்கள்: ஆல்கஹால் உடனே தாக்கும், மற்றது காவல் நிற்கும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்குமுன் தோலைத் தயார் செய்யப் பரிந்துரைத்ததும் இத்தகைய கலவையைத்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். சாதாரண சோப்பின் மிச்சமும் சில கிரீம்களும் எதிர்மின்னூட்டம் கொண்டவை; குளோர்ஹெக்சிடினை அவை முடக்கிவிடும். கண்ணிலும் காதுக்குள்ளும் இது படவே கூடாது. நடுக்காதை எட்டினால் கேட்கும் திறனே பாதிக்கப்படலாம்.

போவிடோன் அயோடின் தடவினால் பழுப்புக் கறை நாள் முழுக்க இருக்கிறது. அதுவரை பாதுகாப்பு உண்டா?

கறையை நம்பாதீர்கள். காயமில்லாத தோலில் சில மணி நேரம் பலன் இருக்கலாம். இரத்தமோ சீழோ பட்டால் அயோடின் அவற்றோடு சேர்ந்தே தீர்ந்துவிடும். கட்டைப் பிரிக்கும்போது துணியில் பழுப்பு வெளுத்திருந்தால், மருந்து செலவாகிவிட்டது என்று பொருள். தடவியதும் துடைத்துவிடும் பழக்கம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. இரண்டு மூன்று நிமிடம் உலரவிட்டால்தான் முழுப் பலன். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் பச்சிளங்குழந்தை வைத்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்கி நுரைப்பது?

நுரை அடங்கியதும் அதன் வேலையும் முடிந்தது. நம் இரத்தத்திலும் திசுவிலும் உள்ள ஒரு நொதி அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பதே அந்த நுரை. புதிதாக வளரும் செல்களையும் அது புண்ணாக்கும். சிறு சிராய்ப்பு என்றால் ஓடும் சுத்தமான நீரில் நன்றாகக் கழுவுங்கள், பெராக்சைடு தேவைப்படாது.