வடசென்னையில் காசு செலவில்லாமல் எங்கே போகலாம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். இலவசமாக என்ன நடந்தாலும் குறித்து வைப்பது என் பழக்கம் என்று தெரிந்து ஒவ்வொருவராகக் கேட்கிறீர்கள். மொத்தமாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

அக்கா, ஞாயிறு மட்டும்தான் அவருக்கு லீவு. 6, 9 வயதில் இரண்டு பசங்க. வெளியே கால் வைத்தாலே ஐந்நூறு ரூபாய் போகிறது. (கொருக்குப்பேட்டை)

போக்குவரத்தில் ஆரம்பியுங்கள்மா. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பாதிச் செலவு அங்கேயே மிச்சம். காலையிலேயே பாரிமுனையில் இறங்கி அரண்மனைக்காரத் தெருவில் இருக்கிற ஆர்மீனியன் சர்ச்சுக்குப் போங்கள், மதியத்துக்கு மேல் பூட்டிவிடுவார்கள். 1772ல் கட்டியது. தரையில் பதித்திருப்பதெல்லாம் கல்லறைக் கற்கள், அதில் செதுக்கியிருக்கும் எழுத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே என் தங்கை மகன் அரை மணி நேரம் நகரவில்லை. திரும்பும்போது ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ல் இங்கிருந்துதான் கிளம்பியது. உள்ளே போக பிளாட்பாரம் டிக்கெட் வேண்டும், ஆனால் அந்த உயரமான தூண்களை வெளியிலிருந்தே பார்க்கலாம். பசங்க ஓடியாட ராபின்சன் பூங்கா இருக்கிறது. 1949ல் திமுக தொடக்கக் கூட்டம் நடந்த இடம் என்று அவர்கள் அப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள். சாப்பாடு மட்டும் வீட்டிலிருந்து கட்டிக்கொள்ளுங்கள்.

பையனுக்கு 12 வயது, கேரம் என்றால் உயிர். கோச்சிங் சேர்க்கப் பணம் இல்லை. (வியாசர்பாடி)

பணம் இல்லை என்று தயங்காதீர்கள் அண்ணா. 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். சாயங்காலம் பக்கத்து கிளப்புக்குப் பையனைக் கூட்டிப்போய் ஒரு வாரம் சும்மா நின்று பார்க்க விடுங்கள். நம் பக்கத்தில் ஆர்வமாக நிற்கிற பிள்ளையைப் பெரியவர்களே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.

அமைதியாகப் படிக்க ஓர் இடம்? (பெரம்பூர், கல்லூரி மாணவி)

எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1896லிருந்து இருக்கிறது, உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது.

இதெல்லாம் எப்போது நடக்கிறது என்று உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

சுவரைப் பார்ப்பேன். கோயில் வாசல் பலகை, டீக்கடை ஓரத்து போஸ்டர், பூங்கா காவலாளி, இந்த மூன்றும் சொல்லாததை நம் ஏரியாவில் போன் சொல்லாது. மற்றபடி வருஷா வருஷம் வருவதை காலண்டரில் வட்டம் போட்டுவிடுவேன். பொங்கல் சமயத்தில் சென்னை சங்கமம், பறையும் கரகமும் பூங்காவிலேயே பார்க்கலாம். ஆகஸ்ட் 22 சென்னை தினம், அந்த வாரம் ஜார்ஜ் டவுனில் வரலாற்று நடை கூட்டிப்போவார்கள், பல நடைகளுக்குக் கட்டணம் இல்லை, முன்கூட்டியே பெயர் கொடுத்தால் போதும். அப்புறம் புரட்டாசியில் திருப்பதிக்குக் கொண்டுபோகும் குடை ஊர்வலம். பாரிமுனை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து வெள்ளைக் குடைகள் ஆடி ஆடி வந்து யானைக்கவுனியைத் தாண்டும்போது எழும் கோவிந்தா சத்தத்தை ஒருமுறையாவது நேரில் கேளுங்கள். கைக்குழந்தை இருந்தால் அங்கே வேண்டாம், நெரிசல் தாங்காது. அன்றிரவு குடை அயனாவரம் காசி விஸ்வநாதர் கோயிலில் தங்கும், அங்கே போய்ப் பாருங்கள்.

அம்மாவுக்கு 68, அதிகம் நடக்க முடியாது. (எண்ணூர்)

திருவொற்றியூர் கோயிலுக்கு வார நாள் சாயங்காலம் கூட்டிப்போங்கள், பிராகாரத்தில் காற்றாட உட்காரலாம். ஆதிபுரீஸ்வரரைக் கவசமில்லாமல் தரிசிப்பது கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும்தான். ஆனால் வரிசை மிக நீளம், அம்மா உடம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இலவச மேஜிக் ஷோ என்று நோட்டீஸ் வந்தது, போகலாமா?

வாசலிலேயே போன் நம்பரும் சம்பளமும் கேட்டால் திரும்பிவிடுங்கள். நான் ஒருமுறை ஏமாந்தேன், பரிசு வாங்கப் போன இடத்தில் இரண்டு மணி நேரம் சுற்றுலாத் திட்டம் ஒன்றை என் தலையில் கட்டப் பார்த்தார்கள். குழந்தை பசியில் அழுததுதான் மிச்சம்.

பசங்களுக்கு காசிமேடு காட்டலாமா?

தாராளமாக. ஞாயிறு வேண்டாம், மீன் வாங்க வருகிற கூட்டத்தில் பிள்ளைகள் நசுங்கிவிடுவார்கள். வார நாளில் விடியற்காலை போனால் ஏலம் கூவுவதை நின்று கேட்கலாம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். ஏலம் களைகட்டாது, ஆனால் வலை பின்னுவதையும் படகுக்கு பெயின்ட் அடிப்பதையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். தரை முழுக்க ஐஸ் தண்ணீர், வழுக்காத செருப்பு போட்டுவிடுங்கள். கடலோரக் கற்கள் மேல் மட்டும் ஏற விடாதீர்கள்.