ஏ.எஃப்.பி கூடினால் நஞ்சுக்கொடி ஒட்டிவிட்டது என்று அர்த்தமா?

இரண்டு சிசேரியன், 20ஆவது வார ஸ்கேனில் நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருக்கிறது, ரத்தத்தில் ஏ.எஃப்.பி (வயிற்றுக் குழந்தையிடமிருந்து தாயின் ரத்தத்துக்கு வரும் ஒரு புரதம்) அதிகம், 'நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரோடு பிரியாதபடி ஒட்டிவிட்டதா?' என்கிறீர்கள். ரத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது சகோதரி. இரட்டைக் குழந்தை, வாரக்கணக்குப் பிசகு, குழந்தையின் முதுகெலும்புக் குறை என்று ஏ.எஃப்.பி ஏறக் காரணம் பல. கர்ப்ப ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் இன்னொரு புரதமான பாப்-ஏயும் (PAPP-A) அப்படித்தான், அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எனக்கு அந்த ரத்தப் பரிசோதனைத் தாளைவிடப் பழைய சிசேரியன் தையல்தான் கவலை. 2006-இல் வந்த அமெரிக்க ஆய்வில், இப்படி வாயை மூடிய நிலையில் மூன்றாவது சிசேரியனுக்கு வந்தவர்களில் 40% பேருக்கு ஒட்டியிருந்தது. அனுபவமுள்ளவரிடம் கலர் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் ஸ்கேன்) எடுங்கள். சிறுநீர்ப்பை ஓரளவு நிரம்பியிருக்கட்டும். அதன் சுவரோரக் கோடு அறுந்திருக்கிறதா, நஞ்சுக்கொடிக்குள் கரையான் அரித்த மாதிரி ரத்தக்குழிகள் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். ரத்த வங்கி உள்ள ஆஸ்பத்திரியில் இப்போதே பேசி வையுங்கள்.