காட்டாமல் போன ஓவியம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓவியர்களைப் பற்றிய படங்களைக் குறித்து எழுதியபோது, ழாக் ரிவெத் இயக்கிய ‘லா பெல் நுவாசெஸ்’ என்ற பிரெஞ்சுப் படத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கடந்து போனீர்கள். நான் விடவில்லை. தேடிப்பிடித்து மூன்று இரவுகளாகப் பார்த்து முடித்தேன். கிட்டத்தட்ட நான்கு மணி நேரம்! ஓவியனுக்கும் அவனுக்கு உந்துதல் தரும் பெண்ணுக்கும் இடையிலான காதல் கதை என்று போட்டிருந்தார்கள். காதலைக் காணோம். ஒரு கிழவர் பேனாவால் தாளைக் கீறிக்கொண்டே இருக்கிறார். ஓர் இளம்பெண் ஆடையில்லாமல் உட்கார்ந்துகொண்டே இருக்கிறாள். சரி, கடைசியில் அந்த ஓவியத்தையாவது காட்டுவார்கள் என்று பொறுத்திருந்தால், அதையும் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள்.

என் மனைவி முதல் இரவே எழுந்து போய்விட்டார். “கலைன்னு ஒரு பேரு வெச்சுட்டா கிழவனுங்க என்ன வேணா செய்யலாம் போல” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் இதில் என்னதான் கண்டீர்கள்? இதற்கு இரண்டு மணி நேர வடிவம் ஒன்று இருக்கிறதாமே, அதைப் பார்த்திருந்தால் போதுமா?

ஆர்.,
திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் மனைவி சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை மறுத்துப் பேச நான் வரவில்லை. 1991இல் இந்தப் படம் வந்தபோது ரிவெத்துக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. மாடலாக உட்காரும் மரியானாக நடித்த எம்மானுவல் பேயார் இருபதுகளில் இருந்தார். ஓவியர் சட்டையும் காற்சட்டையுமாக நிற்க, பேயார் மணிக்கணக்கில் ஆடையின்றி இருக்கிறார். முதல்முறை பார்த்தபோது எனக்கும் நெளியத்தான் செய்தது.

ஆனால் எனக்குக் கோபம் கிழவர்மேல் இல்லை, அந்த இளைஞன்மேல்தான். நினைவிருக்கிறதா, அந்த முதல் இரவு? பழைய மாளிகையின் ஸ்டுடியோவில் மூன்று ஆண்கள் பேசிக்கொள்கிறார்கள். பத்து வருடங்களுக்கு முன்பு ஒரு பெரிய ஓவியத்தைப் பாதியில் விட்ட ஃப்ரென்ஹோஃபர், படம் வாங்க வந்த போர்புஸ், மரியானின் காதலனான இளம் ஓவியன் நிக்கோலா. மரியான் மாடலாக உட்கார்ந்தால் அந்த ஓவியத்தை மறுபடி தொடங்கலாம் என்று பேச்சு வருகிறது. நிக்கோலா சரி என்கிறான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் பெரியவர்கள் கூடத்தில் பேசி முடித்துவிட்டு உள்ளே வந்து தகவல் சொல்வார்களே, அதேபோலத்தான். அவள் கொதித்துப் போகிறாள். ஆனால் மறுநாள் காலையில் யாரும் அழைக்காமல் தானே கிளம்பி ஸ்டுடியோவுக்குப் போகிறாள். அவன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. இனி இது எனக்கும் அந்தக் கிழவருக்கும் இடையிலான வேலை, நீ வெளியே நில் என்று நிக்கோலாவிடம் சொல்வதற்காகவே போவதுபோல இருக்கிறது.

வேலை என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். எனக்கு இந்தப் படமே அதைப் பற்றியதுதான்.

நீங்கள் அலுத்துக்கொண்ட அந்தப் பேனாக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். மரியான் வந்து நின்றதும் ஃப்ரென்ஹோஃபர் வரையத் தொடங்கிவிடுவதில்லை. மேசையை ஒதுக்குகிறார். முக்காலியை இழுத்துப் போட்டுப் பார்க்கிறார். எதையோ தேடுகிறார், எடுத்ததைத் திரும்ப வைக்கிறார். பல நாள் பூட்டிக் கிடந்த பட்டறையைத் திறந்தவர் செய்வதெல்லாம் செய்கிறார். அவள் காத்திருக்கிறாள். அப்புறம் நோட்டைத் திறந்து, நிப்பை மையில் தோய்த்து, முதல் கோடு. கர், கர் என்று தாள் கிழிபடுவது போன்ற சத்தம். கூடவே பின்னணி இசை கிடையாது. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை தொடக்கத்திலும் முடிவிலும் வருவதோடு சரி. கோடு தப்பாகப் போகிறது. அதன்மேலேயே இன்னொன்று. மையைத் தண்ணீரில் கரைத்து இழுக்கிறார், விரலால் தேய்க்கிறார். தாளைத் திருப்புகிறார். மறுபடி முதலிலிருந்து.

அந்தக் கை நடிகர் மிஷெல் பிக்கோலியின் கை இல்லை. பெர்னார் துஃபூர் என்ற ஓவியருடையது. படப்பிடிப்பில் பேயார் எதிரே இருக்க, துஃபூர் உண்மையிலேயே வரைந்திருக்கிறார். அதனால்தான் அந்தக் கையில் நடிப்பு இல்லை, தயக்கம் இருக்கிறது. ஓவியர்களைப் பற்றிய படங்களில் சாதாரணமாக என்ன நடக்கும்? கதாநாயகன் வெறித்துப் பார்ப்பான், தூரிகையை வீசுவான், வயலின் ஒலிக்கும், வெட்டினால் ஓவியம் தயாராகத் தொங்கும். ரிவெத் அந்த வெட்டைச் செய்ய மறுக்கிறார். ஒரு கோடு வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நம்மையும் உட்கார வைக்கிறார். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம் எடுத்தவர் அவர், இந்த நான்கு மணி நேரத்துக்காக அவரிடம் கோபித்துக்கொள்ள முடியாது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். முதல் அரை மணி நேரம் ஒரு நிர்வாணமான பெண்ணைப் பார்க்கிறோம். அப்புறம் அது மறந்துவிடுகிறது. தோள்பட்டை எலும்பு, மடங்கிய முழங்கால், உடலின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதெல்லாம்தான் கண்ணில் படுகிறது. உங்கள் மனைவி இந்த இடத்துக்கு முன்பே எழுந்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒருமுறை என் ஓவிய நண்பர் ஒருவருக்கு நான் முகம் கொடுத்து உட்கார்ந்தேன். சட்டையோடுதான். இருபது நிமிடம் என்றார். மூன்றாவது நிமிடம் மூக்கு அரித்தது. ஏழாவது நிமிடம் கணுக்காலில் ஓர் எறும்பு ஏறத் தொடங்கியது. அது எங்கே போகிறது என்பதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் எனக்கு முக்கியமாக இல்லை. எழுந்தபோது கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. படத்தைப் பார்த்தால் நண்பர் சொல்கிறார், “கொஞ்சம் வாட்டமா இருக்கீங்க, ஏன்?”

மரியான் இதைப் பல நாட்கள் செய்கிறாள். ஃப்ரென்ஹோஃபர் அவள் கையையும் காலையும் மரப்பொம்மையை வளைப்பதுபோல வளைக்கிறார். அவளுக்கு வலிக்கிறது, மரத்துப் போகிறது, எரிச்சல் வருகிறது. ஓவிய வரலாறு இந்த உழைப்பை மறைக்கத்தான், கலைஞனுக்கு உந்துதல் தருபவள் என்ற பொருளில், ‘மியூஸ்’ என்ற சொல்லை வைத்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். கிரேக்கர்களின் மியூஸ்கள் ஒன்பது பேர், நினைவு என்னும் தேவியின் மகள்கள். அவர்கள் பாடுகிறவர்கள், கவிஞன் கேட்டு வாங்குகிறவன். நாம் கலைமகளை நாவில் வந்து அமரச் சொல்வதில்லையா, ஏறக்குறைய அந்த உறவு. கலைமகளிடம் காலை பத்து மணிக்கு வந்து ஒற்றைக் காலில் நில், அசையாதே என்று யாரும் சொல்வதில்லை. தேவியாக இருந்தவள் எப்போதோ வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணாகிவிட்டாள், பெயர் மட்டும் பழையது. தமிழில் இதற்கு நேரான சொல் அமையாதது நல்லதே என்று நினைத்துக்கொள்வேன்.

படத்தின் நடுவில் ஓர் இடம் வருகிறது. ஃப்ரென்ஹோஃபர் சோர்ந்துபோய், முடியவில்லை, விட்டுவிடலாம் என்கிறார். மரியான் விடுவதாயில்லை. இவ்வளவு தூரம் இழுத்துவிட்டு இப்போது நிறுத்துவதா என்று பிடித்துக்கொள்கிறாள். அதன்பிறகு எப்படி இருப்பது என்பதை அவளும் தீர்மானிக்கிறாள். அந்த அறையின் அதிகாரம் கைமாறுவது எனக்குப் படத்திலேயே மிகப் பிடித்த பகுதி.

காதலைக் காணோம் என்றீர்கள். இருக்கிறது, ஆனால் நீங்கள் தேடிய இருவருக்கிடையில் இல்லை. லிஸைப் பாருங்கள். ஜேன் பர்கின் நடித்த பாத்திரம், ஓவியரின் மனைவி. பத்து வருடங்களுக்கு முன்பு பாதியில் நின்ற ஓவியத்துக்கு உட்கார்ந்தவள் அவள்தான். முதலில் அவர் தன்னை வரைய விரும்பியது காதலால், பிறகு வரையாமல் விட்டதும் அதே காதலால் என்ற பொருளில் அவளே ஓரிடத்தில் சொல்கிறாள். மேலும் போயிருந்தால் ஓவியம் மிஞ்சியிருக்கும், அவள் மிஞ்சியிருக்க மாட்டாள். அவர் அவளைத் தேர்ந்தெடுத்தார். இப்போது அவள் இறந்த பறவைகளைப் பதப்படுத்தி உள்ளே அடைத்து உயிருள்ளவைபோல நிறுத்துவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறாள். (இதற்கு மேல் ரிவெத் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.) மேலே ஸ்டுடியோவில் இன்னொருத்தி நிற்க, கீழே இவள் சாப்பாட்டு நேரம் பார்க்கிறாள். பொறாமை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவளுடைய பழைய கித்தானை எடுத்து, அவள் முகத்தின் மேலேயே அவர் மரியானை வரைந்திருக்கிறார் என்று அவள் கண்டுகொள்ளும்போது பர்கின் முகத்தைக் கவனியுங்கள். பயன்பட்டு முடிந்த பொருளாகிவிட்டோம் என்பது ஒருத்திக்குப் புரியும் கணம் அது. அவள் அவரை விட்டுப் போவதில்லை. அதைக் காதல் என்பதா, பழக்கம் என்பதா, முப்பது வருடம் மணவாழ்க்கை நடத்தியவர்கள் சொல்லட்டும்.

இனி, காட்டாமல் போன ஓவியம். கதையின் மூலம் பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக் 1831இல் எழுதிய ஒரு சிறிய கதை. அதில் கிழட்டு ஓவியர் பத்து வருடம் ஒரே படத்தோடு போராடுகிறார். கடைசியில் திரை விலகும்போது தெரிவது வண்ணக் குழப்பமும் கோடுகளும்தான். ஒரு மூலையில் மட்டும் உயிரோடு இருப்பதுபோல ஒரு பாதம். அன்றிரவே ஓவியங்களை எரித்துவிட்டு அவர் இறந்துபோகிறார். ஓவியர்களைப் படாதபாடு படுத்திய கதை இது. அந்தக் கிழவன் நானேதான் என்பதுபோல பிரெஞ்சு ஓவியர் செசான் தன் மார்பைத் தொட்டுக் காட்டினாராம். பிக்காஸோ இதற்குப் படங்கள் வரைந்தார், கதை நடக்கும் பாரிஸ் தெருவிலேயே பிறகு ஸ்டுடியோவும் பிடித்தார். அவருடைய புகழ்பெற்ற போர் ஓவியம் ‘குவெர்னிகா’ அங்கேதான் உருவானது.

பால்சாக் காட்டினார், ரிவெத் மறைத்தார். நல்ல வேளை மறைத்தார் என்பேன். எதைக் காட்டியிருந்தாலும், இதுக்கா இவ்வளவு என்றுதான் நீங்கள் எனக்கு எழுதியிருப்பீர்கள். ஓவியத்துக்குப் பதிலாக, அதைப் பார்த்துவிட்டு நிலைகுலைந்து வெளியேறும் மரியானைக் காட்டுகிறார். அங்கே தெரிந்தது குளிர்ந்து வறண்ட ஏதோ ஒன்று, அது நான்தான் என்பது பிறகு அவள் சொல்வதன் சாரம். மணிக்கணக்காக அவள் உடலின் ஒவ்வொரு அங்குலத்தையும் பார்த்த நமக்கு அது மட்டும் தெரியவில்லை. அந்த ஒன்றையாவது நம்மிடமிருந்து காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஃப்ரென்ஹோஃபர் ஒரு சின்னப் பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதைச் சுவருக்குள் வைத்துப் பூசுகிறார். அப்புறம் அவசரமாக வேறொன்றை வரைந்து, விருந்தில் திரை விலக்குகிறார். வந்தவர்கள் பாராட்டுகிறார்கள். உங்கள் மனைவிக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தால் அது இந்தச் சுவர்தான். ஆனால் அதற்கு அவர் மூன்றாவது இரவுவரை உட்கார வேண்டுமே!

இரண்டு மணி நேர வடிவம் உண்டு, ‘டிவெர்டிமெந்தோ’ என்று பெயர். ரிவெத்தே வேறு டேக்குகளை வைத்துத் தொகுத்தது. கதை அப்படியே இருக்கும், வரைவது குறைந்துவிடும். மணமகள் இல்லாமல் கல்யாணச் சாப்பாடு மட்டும் சாப்பிட்டு வருவதுபோல. வேண்டாம்.

முடிந்தால் முழுப் படத்தையும் ஒரே மூச்சில் இன்னொருமுறை பாருங்கள். தலைக்கு மேல் மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள், அது ஓடினால் நிப்பு தாளில் உரசும் சத்தம் பாதிதான் கேட்கும். திருச்சி வெயிலில் அது ஆகாத காரியம். மார்கழி வரட்டும்.